ஓடுதளத்தில் எஞ்சின் கைவிட்டால்: நிறுத்துவதும், நின்ற பிறகு செய்வதும்

ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி (டைப் ரேட்டிங்) எடுக்கப்போகும் இளம் கோ-பைலட்டுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடிக்கடி விமானத்தில் போகிறவர்களும் படிக்கலாம். முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த இரண்டு நிமிடங்களைத் தாங்குவது எளிது.

பல வருடம் லைனில் ஓட்டிவிட்டு இப்போது சிம்முலேட்டரில் பயிற்றுவிக்கிறேன். வருகிற பிள்ளைகள் ‘ரிஜெக்டட் டேக்-ஆஃப்’ (புறப்பாட்டைப் பாதியில் கைவிட்டு நிறுத்துவது) பாடத்தை நன்றாகவே தயார் செய்து வருகிறார்கள். வேகம் ஏறும்போது டமாலென்று ஒரு சத்தம், மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், கேப்டன் “ஸ்டாப்” என்பார், எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் லீவர்கள் பின்னால் வரும், விமானம் நிற்கும். அத்தோடு தோள்கள் தளர்ந்துவிடும். பாடம் முடிந்தது என்ற நினைப்பு முகத்தில் தெரியும். நான் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

ஏனென்றால் நிறுத்துவது பாதி வேலை. மான்செஸ்டர் 1985, லாஸ் வேகஸ் 2015, சிகாகோ 2016 என்று மூன்று சம்பவங்களை நான் எப்போதும் வகுப்பில் எடுப்பேன். மூன்றிலும் விமானம் ஓடுதளத்தின் முடிவைத் தாண்டி ஓடாமல் நின்றது. நிறுத்தியதில் பெரிய குறை இல்லை. உயிர் போனதும், போகாமல் தப்பியதும், காயம் பட்டதும் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அதனால் இங்கும் நிறுத்துவதைப் பற்றித் தேவையான அளவு சொல்லிவிட்டு, நின்ற பிறகு வரும் நேரத்துக்கு அதிக இடம் கொடுக்கப் போகிறேன். ஒரு விஷயம் முதலிலேயே: உங்கள் நிறுவனத்தின் எஸ்.ஓ.பி. (வகுத்து வைத்த நடைமுறை) என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். நான் சொல்வது அதைப் புரிந்துகொள்ள உதவினால் போதும்.

உருள்வதற்கு முன்னால்

வி1 என்ற எண்ணைப் பற்றி முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் அதை முடிவெடுக்கும் வேகம் என்று மனப்பாடம் செய்து வருகிறார்கள். வி1 வந்ததும் யோசிக்கத் தொடங்கலாம் என்று அர்த்தமில்லை. நிறுத்துவதென்றால் அதற்கான முதல் செயல் அந்த வேகத்துக்குள் நடந்திருக்க வேண்டும். கை லீவரைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும். யோசனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 140 நாட்ஸ் வேகத்தில் விமானம் ஒரு விநாடிக்குச் சுமார் 72 மீட்டர் ஓடுகிறது. “என்ன சத்தம் அது?” என்று கேட்டு முடிப்பதற்குள் நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். நிறுத்தும் தூரத்தைக் கணக்கிடும்போது வி1 வேகத்தில் இரண்டு விநாடி ஓடும் தூரத்தை விதிமுறை சேர்த்துக்கொள்கிறது. அது ஆற அமர யோசிக்கக் கொடுத்த நேரம் இல்லை, கைகள் வேலை செய்து முடிக்கக் கொடுத்த நேரம்.

வேகம் பத்து சதவீதம் கூடினால் பிரேக்குகள் தாங்க வேண்டிய சக்தி இருபத்தொரு சதவீதம் கூடுகிறது. அதனால்தான் 90 நாட்ஸில் நிறுத்துவதும் 135 நாட்ஸில் நிறுத்துவதும் பெயரளவில்தான் ஒரே பாடம்.

சென்னையின் பெரிய ஓடுதளம் ஏறக்குறைய 3,660 மீட்டர். மதுரை சுமார் 2,285. சென்னையில் நிறைய இடம் மிச்சம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நீளம் இருந்தால் எஞ்சின் தேய்மானத்தைக் குறைக்க ஃப்ளெக்ஸ் த்ரஸ்ட் வைத்துப் புறப்படுவோம். முழு சக்தியைவிடக் குறைவாக வைப்பதால் உருளும் தூரம் கூடும். மிச்சம் என்று நினைத்த ஓடுதளத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கார்த்திகை மழையில் ஓடுதளம் நனைந்திருந்தால் வி1 இன்னும் கீழே இறங்கும். டேக்-ஆஃப் கணக்கு போட்ட பிறகு மழை தொடங்கினால் திரும்பக் கணக்குப் போடச் சொல்லிக் கேப்டனிடம் கேளுங்கள். கோ-பைலட்டாக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் அது ஒன்று.

டேக்-ஆஃப் பிரீஃபிங்கில் எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பிப்பார்கள்: “100-க்குக் கீழே எதற்கும் நிறுத்தலாம், 100-க்கு மேலே இதற்கு மட்டும், வி1-க்குப் பிறகு பறப்போம்.” சரி, இருக்கட்டும். அதோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. நின்றால் எந்தப் பக்க எஞ்சினில் தீ பிடித்தால் உடம்புப் பகுதிக்கு ஆபத்து. எவாக்குவேஷன் (அவசர வெளியேற்ற) செக்லிஸ்ட் எங்கே இருக்கிறது. மூன்றையும் சொல்லப் பத்து விநாடி போதும். ஏன் காற்றை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது மான்செஸ்டர் கதைக்கு வரும்போது புரியும்.

உருளும்போது

டேக்-ஆஃப் ஓட்டத்தை ஏர்பஸ் இரண்டாகப் பிரிக்கிறது. 100 நாட்ஸ் வரை ஒரு மனநிலை, அதற்கு மேல் வி1 வரை இன்னொரு மனநிலை. போயிங்கில் அந்தக் கோடு 80 நாட்ஸ். கோட்டுக்குக் கீழே எச்சரிக்கை வந்தால் நிறுத்துவதைப் பற்றிக் கேப்டன் தீவிரமாக யோசிப்பார், பெரும்பாலும் நிறுத்திவிடுவார். கோட்டுக்கு மேலே போய்விட்டால் மனம் பறக்கும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தீ எச்சரிக்கை, எஞ்சின் சக்தி திடீரென்று போவது, கடும் சேதம், ஈகாமில் (கோளாறையும் அதற்கான நடைமுறையையும் காட்டும் திரையில்) வரும் சிவப்பு எச்சரிக்கைகள், குறிப்பிட்ட சில மஞ்சள் எச்சரிக்கைகள், விமானம் பத்திரமாகப் பறக்காது என்பதற்குச் சந்தேகமில்லாத அறிகுறி. இவ்வளவுதான்.

உங்களுக்கு உதவியாக ஈகாம் 80 நாட்ஸிலிருந்து 1,500 அடி உயரம் வரை சாதாரண எச்சரிக்கைகளை மறைத்து வைக்கிறது. அதையும் மீறி ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும் என்று விமானத்தை வடிவமைத்தவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

நிறுத்தும் முடிவு பெரும்பாலான நிறுவனங்களில் கேப்டனுடையது மட்டுமே. நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தாலும் த்ரஸ்ட் லீவர்மேல் இருப்பது அவர் கை. வி1 அழைப்பு வந்ததும் அந்தக் கை லீவரை விட்டு எடுக்கப்படும். அது வெறும் சடங்கில்லை. கை அங்கே இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் இழுக்கவும் முடியாது.

அப்படியென்றால் கோ-பைலட்டின் வேலை என்ன? பார்த்ததைச் சரியாகச் சொல்வது. இதற்கு நான் வகுப்பில் நிறைய நேரம் செலவிடுகிறேன். சத்தம் கேட்டதும் “டயர்!” என்று கத்தும் பிள்ளைகள் உண்டு. டயர் என்று எப்படித் தெரியும்? காதுக்கு டயர் வெடிப்பும் எஞ்சின் வெடிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கண் உடனே எஞ்சின் அளவுகளுக்குப் போக வேண்டும். என்1 (எஞ்சின் விசிறியின் சுழல்வேகம்) விழுகிறதா? ஈ.ஜி.டி. (எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பம்) ஏறுகிறதா? மூக்கு ஒரு பக்கம் இழுக்கிறதா? என்1 சரிந்து மூக்கும் இழுத்தால் “எஞ்சின் ஃபெயில்” என்று சொல்லுங்கள். அளவுகள் எல்லாம் அசையாமல் இருந்தால், கேட்டதை மட்டும் சொல்லுங்கள். தவறான காரணத்தை உரக்கச் சொல்லிவிட்டால் அடுத்து வரும் எல்லா முடிவுகளும் அந்தச் சொல்லின்மேல் கட்டப்படும். தனியாக ஒரு டயர் வெடிப்பு வி1-க்கு 20 நாட்ஸுக்குள் நடந்தால், எஞ்சின் அளவுகள் தாறுமாறாக ஆடாதவரை, பறந்து விடுவதே நல்லது என்பது ஏர்பஸ் அறிவுரை. ஒரு டயர் போன பிறகு பிரேக் பிடிக்கும் சக்தியும் குறைந்துபோயிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வி1 தாண்டிய பிறகு எஞ்சின் போனால் பறக்க வேண்டும். 1996 ஜூன் 13 அன்று ஜப்பானின் ஃபுகுவோகாவில் கருடா இந்தோனேசியாவின் டிசி-10 ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வலது எஞ்சின் செயலிழந்தது. வி1 எப்போதோ கடந்துவிட்டது. கேப்டன் நிறுத்தினார். ஓடுதளம் போதவில்லை, விமானம் தாண்டி ஓடி தீப்பிடித்தது. விமானத்திலிருந்த 275 பேரில் 3 பேர் இறந்தார்கள். மீதி இரண்டு எஞ்சின்களில் அந்த விமானத்தால் ஏறியிருக்க முடியும். ஒரு எஞ்சின் வி1-க்கு அருகில் போனாலும், காய்ந்த ஓடுதளத்தின் முடிவில் 35 அடி உயரத்தில் விமானம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் உங்கள் விமானத்தின் எடையே தீர்மானிக்கப்படுகிறது.

விமானத்தால் பறக்கவே முடியாது என்ற நிலை மட்டும் வேறு. 2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் இப்சிலாண்டியில் ஓர் எம்டி-83 வி1 தாண்டி மூக்கைத் தூக்க முயன்றபோது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதி) சிக்கியிருந்ததால் மூக்கு எழவே இல்லை. கேப்டன் நிறுத்தினார். ஓடுதளத்தைத் தாண்டி ஓடியது, ஆனால் 116 பேரும் பிழைத்தார்கள். பக்கத்தில் இருந்த பயிற்சிக் கேப்டன் அந்த முடிவில் குறுக்கிடவில்லை. எஞ்சின் கோளாறை இதோடு சேர்க்காதீர்கள். எஞ்சின் போவது பறக்க முடியாத நிலை இல்லை.

1990 வரையிலான முப்பது வருடத்து டேக்-ஆஃப் விபத்துகளை ஆராய்ந்து அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வும் விமானத் தயாரிப்பாளர்களும் ஒரு பயிற்சித் தொகுப்பு உருவாக்கினார்கள். நிறுத்தப் போய் விபத்தானவற்றில் பாதிக்கும் மேல் வி1 தாண்டிய பிறகு தொடங்கியவை. எஞ்சின் சக்தி உண்மையிலேயே குறைந்திருந்தது ஏறக்குறைய நான்கில் ஒன்றில்தான். மீதி விபத்துகளில் எஞ்சின்கள் முழுச் சக்தியோடு ஓடிக்கொண்டிருந்தன.

நிறுத்தும்போது

“ஸ்டாப்” என்ற சொல் வந்ததும் கட்டுப்பாடு கேப்டனுடையது. நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் சைட்ஸ்டிக்கிலிருந்து கையையும் பெடலிலிருந்து அழுத்தத்தையும் எடுத்துவிடுங்கள். அவர் லீவர்களை ஐடிலுக்கும் அங்கிருந்து முழு ரிவர்ஸுக்கும் (எஞ்சின் காற்றை முன்னோக்கித் திருப்பும் நிலைக்கு) கொண்டுபோவார். இறக்கைமேல் ஸ்பாய்லர் பலகைகள் எழும், ஆட்டோபிரேக் ‘மேக்ஸ்’ பிடிக்கும். நீங்கள் “ரிவர்ஸ் கிரீன்” (ரிவர்ஸ் திறந்துவிட்டது), “டீசெல்” (வேகம் குறைகிறது), அப்புறம் “70 நாட்ஸ்” என்று சொல்ல வேண்டும். ஒலிக்கும் எச்சரிக்கை மணியை நிறுத்துங்கள். அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தால் யாரும் யாரையும் கேட்க முடியாது.

ஏ320-இல் ஒரு கண்ணி இருக்கிறது. 72 நாட்ஸுக்குக் கீழே நிறுத்தினால் ஆட்டோபிரேக் வேலை செய்யாது. லீவர் ஐடிலுக்கு வந்தும் விமானம் மெதுவாகவில்லையே என்று ஒரு விநாடி திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் காலால்தான் பிடிக்க வேண்டும். “டீசெல்” என்பதை வேகம் உண்மையில் குறைவதை உணர்ந்த பிறகே சொல்லுங்கள். குறையவில்லை என்றால் “நோ டீசெல்” என்று அதே உரத்த குரலில் சொல்வதும் உங்கள் கடமை.

குறைந்த வேகத்தில் எஞ்சின் போனால் மூக்கு இழுப்பது இன்னும் வேகமாக இருக்கும். விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் வால் பகுதியான ரட்டருக்குக் காற்று போதாது. பெடலை முழுக்க மிதித்தாலும் நேராக்க முடியாத வேகம் ஒன்று உண்டு. அங்கே ஒரே வழி நல்ல எஞ்சினின் சக்தியையும் உடனே குறைப்பது. இரண்டு லீவரும் சேர்ந்து, தயங்காமல்.

முழுமையாக நிற்கும்வரை பிரேக்கை விடாதீர்கள். முன்னால் நிறைய ஓடுதளம் தெரிகிறதே, பிரேக்கைக் கொஞ்சம் காப்பாற்றலாமே என்று தோன்றும். அந்தக் கணத்தில் விமானத்துக்கு வெளியே என்ன எரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சீக்கிரம் நிற்பது எப்போதும் நல்லது. டாக்சிவேயில் திரும்பி ஓடுதளத்தைக் காலி செய்து கொடுப்பது உங்கள் கவலை இல்லை. பின்னால் வரும் விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கட்டும்.

நின்ற பிறகு

பார்க்கிங் பிரேக். உடனே கேப்டன் பி.ஏ.வில் (கேபின் ஒலிபெருக்கியில்) “அட்டென்ஷன், க்ரூ அட் ஸ்டேஷன்ஸ்” என்பார். கேபின் க்ரூவுக்கு இதன் பொருள்: நின்றது வேண்டுமென்றே நிறுத்தியது, முன்னால் உள்ளவர்கள் உயிரோடு வேலை செய்கிறார்கள், கதவருகே தயாராக இருங்கள், அடுத்த ஆணைக்குக் காத்திருங்கள். இந்த ஒரு வரி தாமதமானால் பின்னால் இருப்பவர்கள் தாங்களாகவே முடிவெடுக்க ஆரம்பிப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜன்னலில் தீயைப் பார்த்துக்கொண்டு, முன்னால் இருந்து ஒரு சொல்லும் வராவிட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இங்கே மான்செஸ்டரைச் சொல்ல வேண்டும். 1985 ஆகஸ்ட் 22. பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் போயிங் 737, கோர்ஃபு தீவுக்குப் புறப்பட்டது. 131 பயணிகள், 6 ஊழியர்கள். ஓட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சத்தம். இடது எஞ்சினின் எரி அறை ஒன்று வெடித்துச் சிதறி, அதன் துண்டு இறக்கையின் எரிபொருள் தொட்டி மூடியை உடைத்திருந்தது. விமானிகள் டயர் என்று நினைத்தார்கள். நிறுத்தும் முடிவு சரியாக, நேரத்தோடு எடுக்கப்பட்டது. டயர் என்று நம்பியதால் பிரேக்கைப் பலமாக அழுத்த வேண்டாம் என்று கேப்டன் சொன்னார். சில விநாடியில் தீ எச்சரிக்கை வந்தது. விமானம் வலது பக்கம் திரும்பி டாக்சிவேயில் நின்றது. காற்று மிக லேசானதுதான், ஆனால் திரும்பிய பிறகு அது இடது பக்கத்திலிருந்து வந்து, கசிந்து எரிந்த எரிபொருளின் தீயை விமானத்தின் உடம்பின்மேல் தள்ளியது. 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது புகை.

அந்த விமானிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைய பயிற்சியில் தெரிந்ததைத்தான் செய்தார்கள். அந்த 55 பேர் கொடுத்த விலையில் நாம் கற்றுக்கொண்டவற்றை இன்று மறந்தால்தான் எனக்குக் கோபம் வரும். இறக்கைமேல் இருக்கும் கதவுக்கு அருகில் இருக்கைகளுக்கு நடுவே கூடுதல் இடம் விடுவது அந்த விபத்துக்குப் பிறகு வந்தது. காக்பிட்டுக்கான பாடமோ பிரீஃபிங்கிலேயே இருக்க வேண்டும்: ஓடுதளத்திலேயே நில்லுங்கள், தீ இருந்தால் அது காற்று போகும் பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள்.

அடுத்து நிலைமையைக் கண்டுபிடிப்பது. ஏ320 காக்பிட்டில் இருந்து எஞ்சின் தெரியாது. எஞ்சின் ஃபெயில் என்று ஈகாம் சொல்கிறது. தீ இருக்கிறதா, எரிபொருள் கசிகிறதா என்று அதற்கு முழுசாகத் தெரியாது. அதனால் கேளுங்கள். டவரிடம் “எங்கள் இடது எஞ்சினில் தீயோ புகையோ தெரிகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். பக்க ஜன்னலைத் திறந்து பாருங்கள். கேபின் க்ரூ இன்டர்காமில் அழைத்தால் வேறு எது நடந்தாலும் எடுங்கள்.

லாஸ் வேகஸில் இது அழகாக நடந்தது. 2015 செப்டம்பர் 8, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 777, 157 பயணிகள், 13 ஊழியர்கள். 80 நாட்ஸைக்கூட எட்டும் முன்பே இடது எஞ்சினின் கம்ப்ரெஸர் பகுதி உடைந்து தீப்பிடித்தது. கேப்டன் உடனடியாக நிறுத்தினார். காக்பிட்டில் இருந்த மூன்றாவது விமானி பின்னால் போய் ஜன்னல் வழியே எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து, வெளியேற்ற வேண்டும் என்றார். ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் அதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. எவாக்குவேஷன் ஆணை போன பிறகும் வலது எஞ்சின் நாற்பது விநாடிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. செக்லிஸ்ட்டை வரி வரியாகப் படித்துச் செய்யவில்லை. மூன்றாவது விமானி கவனித்த பிறகுதான் அது நிறுத்தப்பட்டது. அத்தனை அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி நடக்கும் என்றால், மனப்பாடத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் நமக்கு?

சிகாகோவில் அதே விஷயம் ஓர் உடம்பில் காயமாகவே விழுந்தது. 2016 அக்டோபர் 28, ஓஹேர் விமான நிலையம், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 767. வலது எஞ்சினின் டர்பைன் தட்டு ஒன்று உடைந்து இறக்கையைத் துளைத்துக்கொண்டு பறந்தது. ஒரு துண்டு ஏறக்குறைய 900 மீட்டர் தள்ளி ஒரு கிடங்கின் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. வி1 134 நாட்ஸ். 128-இல் கேப்டன் நிறுத்த ஆரம்பித்தார். அருமையான முடிவு. ஆனால் நின்றதும் வலது பக்கம் முழுக்கத் தீ. கேபின் க்ரூ இன்டர்காமில் காக்பிட்டைத் தொடர்புகொள்ள முயன்றார்கள், முடியவில்லை. அவர்கள் இடது பக்கக் கதவுகளைத் திறந்து ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். இடது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று ஒரு பயணியைத் தள்ளி விழச்செய்து பலத்த காயப்படுத்தியது. விமானத்திலிருந்த 170 பேரும் உயிர் தப்பினார்கள்.

காக்பிட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? எஞ்சின் தீ செக்லிஸ்ட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த செக்லிஸ்ட் தரையில் இருக்கும்போதும் வானில் இருக்கும்போதும் ஒன்றாகவே இருந்தது. முதல் அணைப்பான் புட்டியை விட்ட பிறகு முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லும். வானத்தில் அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. தரையில், பின்னால் 160 பேர் எரியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இல்லை. ஏ320-இல் தரைக்கான ஈகாம் நடைமுறை தனி: இரண்டு புட்டியையும் அடுத்தடுத்து விட்டுவிடச் சொல்கிறது. வானத்து நடைமுறை கையில் ஊறிப்போயிருந்தால் தரையிலும் பத்து விநாடிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள். சிம்மில் இதை நான் குறித்து வைப்பேன்.

சரி, எவாக்குவேஷன் செக்லிஸ்ட். கேப்டன் கேட்கும் முன்பே நீங்கள் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டிருக்கிறதா. டவருக்குச் சொல்லியாயிற்றா, வி.எச்.எஃப். 1 ரேடியோவில் சொல்லுங்கள், எஞ்சின்கள் அணைந்த பிறகும் பேட்டரியில் அது வேலை செய்யும். கேபினை எச்சரித்தாயிற்றா. உள்ளே அழுத்தம் மிச்சம் இல்லையே. இருந்தால் கதவு திறக்காது. இரண்டு எஞ்சின் மாஸ்டர் சுவிட்சும் ஆஃப். இரண்டு எஞ்சின், ஏ.பி.யு. (வாலில் உள்ள துணை எஞ்சின்) மூன்றின் தீ பொத்தான்களும் அழுத்தியாயிற்று. தேவைப்பட்டால் அணைப்பான்கள். அதற்குப் பிறகே ஆணை. எஞ்சின் மாஸ்டர் வரிக்கு வரும்போது ‘இரண்டும்’ என்று வாயால் சொல்லி, விரலால் தொட்டு, கண்ணால் என்1 இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன். லாஸ் வேகஸும் சிகாகோவும் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன. நிதானமாகப் படித்தாலும் இந்தப் பட்டியலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

எல்லா ரிஜெக்ட்டுக்கும் வெளியேற்றம் தேவையில்லை, இதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஸ்லைடில் இறங்கும்போது கணுக்கால் முறியும், முதியவர்கள் கீழே குவிவார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் தடுமாறுவார்கள். 2022 அக்டோபர் 28 இரவு டில்லியில் பெங்களூருக்குப் புறப்பட்ட இண்டிகோ ஏ320 ஒன்றின் எஞ்சினில் தீப்பொறி பறந்தது, விமானிகள் நிறுத்தினார்கள். விமானம் நிறுத்துமிடத்துக்குத் (பே) திரும்பியது, 180-க்கும் மேற்பட்டோர் பத்திரமாக இறங்கினார்கள். தீ இல்லை, புகை இல்லை, டவரும் தீயணைப்பு வண்டியும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள் என்றால் எல்லோரும் உட்கார்ந்திருக்கச் சொல்வதுதான் சரியான முடிவு. அந்த ஆணையையும் தெளிவாகச் சொல்லுங்கள். “க்ரூ அட் ஸ்டேஷன்ஸ்” என்று நிற்க வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடக் கூடாது.

இருக்கையில் இருக்கும் பயணிகளுக்கு இரண்டு சொல். சத்தத்துக்குப் பிறகு முன்னால் இருந்து குரல் வரக் கொஞ்ச நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் மேலே சொன்னவை எல்லாம் நடந்துகொண்டிருக்கும். பெல்ட்டைக் கழற்றாமல் க்ரூவின் முகத்தைப் பாருங்கள். வெளியேறச் சொன்னால் பையை எடுக்காதீர்கள். சிகாகோவில் பைகளோடு இறங்கியவர்கள் இருந்தார்கள். பின்னால் தீ இருந்தது.

பிரேக் சூடு

தீ இல்லை, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது பிரேக்குகள் இருக்கின்றன. அதிக வேகத்தில் நிறுத்தியிருந்தால் வெப்பம் நின்ற உடனே உச்சத்துக்குப் போகாது. பல நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்குள் வெப்பத்தில் உருகும் அடைப்பான்கள் இருக்கின்றன. சூடு எல்லை தாண்டினால் அவை உருகிக் காற்றை மெல்ல வெளியேற்றி, டயர் வெடிக்காமல் காக்கும். புது விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது தேய்ந்த பிரேக்குகளோடு அதிகபட்சச் சக்தியில் நிறுத்திக் காட்ட வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடம் யாரும் தண்ணீர் அடிக்காமல் விமானம் தாக்குப்பிடிக்க வேண்டும். தீயணைப்பு வீரர்கள் வந்து சேர அந்த நேரம் போதும் என்ற கணக்கு.

தரை ஊழியர்கள் யாராவது சக்கரத்தைப் பக்கவாட்டிலிருந்து நெருங்குவதைப் பார்த்தால் டவர் வழியாகத் தடுத்துவிடுங்கள். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் அணுக வேண்டும். வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில் பறக்கும். குறைந்த வேகத்தில் நிறுத்தி, கோளாறும் சின்னது என்று தெரிந்து, திரும்பப் புறப்படலாமா என்ற பேச்சு வந்தால், முதலில் பிரேக் வெப்பத்தையும் ஆற வேண்டிய நேரத்தையும் அட்டவணையில் பாருங்கள். ஏ320-இல் 300 டிகிரிக்கு மேல் இருந்தால் புறப்படக் கூடாது. எஞ்சின் கோளாறு என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை; பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை விமானம் அங்கேயே இருக்கும்.

வீட்டில் பயிற்சி

சிம்முலேட்டர் நேரம் விலை உயர்ந்தது, சுவரில் ஒட்டிய காக்பிட் படம் மலிவானது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே முழு ஓட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நண்பர் ஒருவர் ஏதோ ஒரு வேகத்தில் “சத்தம்” என்று மட்டும் சொல்லட்டும். அது என்ன என்று அவரிடம் நீங்கள் கேட்க வேண்டும்: என்1 எப்படி, மூக்கு எந்தப் பக்கம், ஈகாமில் என்ன. பதிலைக் கேட்ட பிறகு நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை பார்த்ததைச் சொல்கிறதா, ஊகத்தைச் சொல்கிறதா என்று அவரே குறித்துக்கொள்ளட்டும்.

60 நாட்ஸில் ஒரு முறை, 110-இல் ஒரு முறை, வி1-க்கு இரண்டு விநாடி முன்னால் ஒரு முறை, வி1-க்கு ஒரு விநாடி பின்னால் ஒரு முறை செய்யுங்கள். கடைசியில் பறக்க வேண்டும். “ஸ்டாப்” வாயில் வந்துவிட்டால் அன்று அந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் பாடத்தை நிறுத்தாமல், எவாக்குவேஷன் செக்லிஸ்ட்டின் கடைசி வரி வரை போங்கள். காற்றை நண்பர் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். எந்தப் பக்கக் கதவுகளில் ஆட்களை இறக்குவது என்று கேபின் க்ரூவிடம் சொல்ல, யோசிக்காமல் பதில் வரும்வரை செய்யுங்கள்.